கோட்டுக்கு வெளியே ஒருத்தி

அத்தியாயம் 14

போன வாரம் சுகப்பிரியாவின் கையில் மாப்பைக் கொடுத்து அப்படியே நிறுத்திவிட்டுப் போனதற்கு நிறையப் பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். மாநிலத்துக்கு ஆடிய பெண்ணை, அவள் தங்கை ஆடுகிற அரங்கத்திலேயே தரை துடைக்க வைப்பது அநியாயம் என்கிறார் செய்யாற்று வாசகி ஒருவர். அநியாயம்தான். ஆனால் அந்த வேலையை நான் கொடுக்கவில்லை அம்மா, ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர் கொடுத்தார்.

இன்னொருவர், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் எட்டு மாதம் பேசாமல் இருப்பார்களா என்று கேட்கிறார். இருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. மணிமங்கலம் ஞானம்மாவுக்கு இரண்டு பெண்கள். புருஷன் இல்லை. மூத்தவள் சுகப்பிரியா, பாலாறு மகளிர் கிளப்பில் வலைக்கு முன்னால் நின்று அடிக்கிறவளாக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மேட்ச்சில் குதித்து இறங்கும்போது இடது முட்டி போயிற்று. ஆபரேஷன் நடந்தது, ஆட்டம் முடிந்தது. ஓய்வே கொடுக்காமல் ஆட வைத்துத் தன் காலைக் கெடுத்தது கோச் செந்தமிழன்தான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

அக்கா இருந்த அதே டீமுக்குள் சின்னவள் பிரவீனா வந்தாள். "அந்த ஆள்கிட்ட ஆடாத" என்று அக்கா சொன்னாள். "உனக்குப் பொறாமை" என்று தங்கை சொன்னாள். அவ்வளவுதான் சண்டை. அக்கா சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், தங்கை கிளப் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞானம்மா மட்டும் வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாள்.

இன்றைக்கு ஆசிய மகளிர் கிளப் வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரகடத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு.

*

காலை ஒன்பது மணிக்கே அரங்கத்துக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுகப்பிரியாவுக்குச் சாம்பல் நிற டி-ஷர்ட்டும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் கொடுத்திருந்தார்கள். அதோடு நாலு வெள்ளைத் துண்டு, ஒரு நீள மாப்பு.

வேலை இதுதான். பந்தை எடுக்க விழுந்தவள் எழுந்து போனதும் தரையில் வியர்வை கிடக்கும். அடுத்த சர்வீஸ் போடுவதற்குள் ஓடிப்போய்த் துண்டால் துடைத்துவிட்டு ஓடி வந்து உட்கார வேண்டும். டைம் அவுட்டில் நீள மாப்பால் கோர்ட்டை முழுசாக ஒரு இழுப்பு. ஆடுகிறவர்களிடம் பேசக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. சூப்பர்வைசர் ரகுபதி இதை ஐந்து நாளாகத் தினமும் சொல்கிறார்.

"உனுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல," என்றார் இன்றைக்கு. "நீ ஆடுனவ. எங்க விழுவாங்கன்னு எனக்கு முன்னாடி உனுக்குத் தெரியும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சுகப்பிரியா வாங்கி வைத்திருந்த இட்லியைப் பிரிக்காமலே குப்பைக் கூடையில் போட்டாள்.

முதலுதவி மேஜையில் இதுவரை இருந்த நர்ஸுக்குக் காய்ச்சல். இன்றைக்கு மட்டும் வேறு ஒருவரை அனுப்பியிருந்தார்கள். முப்பிடாதி சிஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஞானம்மா வேலை பார்க்கிற வயரிங் கம்பெனியின் முதலுதவி அறையில் ஆறு வருடமாக நர்ஸாக இருப்பவர்.

"ஏ புள்ள, நீ ஞானம்மாக்கா மூத்த மவதானே? நடையப் பாத்தாலே தெரியுதே."

"ஆமா சிஸ்டர்."

"அம்மைக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"முட்டியா? இன்னா முட்டி?"

"நல்லாருக்கு போ. வீட்டுல ஒண்ணும் சொல்லலியாக்கும்? நாலு மாசமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரூமுக்கு வாராவ. லைன்ல நின்னு நின்னு முட்டி தெறிக்குது சிஸ்டர்ங்காவ. நானும் வலி மாத்திரைய ரெண்டு ரெண்டா கவர்ல போட்டுக் குடுக்கேன். எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்கன்னா கேக்க மாட்டேங்காவ. நீயாவது ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்."

சுகப்பிரியாவுக்குப் புரியவில்லை. ஞானம்மா ஐம்பது வயதிலும் கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து வீடு வரைக்கும் விறுவிறுவென்று நடக்கிறவள். கால் வலிக்கிறது என்று ஒரு நாள் காலை நீட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"இது ஒண்ணும் புதுசு இல்ல," சிஸ்டர் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார். "முன்னால ஒரு தடவையும் இப்படித்தான் அஞ்சாறு மாசம் வாங்குனாவ. மூணு வருசம் இருக்கும். பொறவு திடீர்னு நிறுத்திட்டாவ. சரியாப் போச்சாக்கும்னு நெனச்சேன்."

மூன்று வருடம் என்றதும் சுகப்பிரியாவுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. நமக்கெல்லாம் அப்படித்தான். அடுத்த வீட்டு விஷயம் உடனே புரியும், சொந்த வீட்டு விஷயம் கடைசியில்தான் புத்தியில் ஏறும்.

*

பதினோரு மணிக்கு பாலாறு டீம் பயிற்சிக்கு வந்தது. பிரவீனாவுக்குப் பதினொன்றாம் நம்பர் சட்டை. நன்றாகத்தான் குதித்தாள். அக்காவைவிட ஒரு சாண் உயரமாகக்கூடக் குதித்தாள்.

ஆனால் இறங்கும்போது வலது காலில் மட்டும் இறங்கினாள். இடது கால் பேருக்குத் தரையைத் தொட்டது.

வேறு யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். சுகப்பிரியா கவனித்தாள். தன் முட்டி போவதற்கு முந்தைய மேட்ச்களின் வீடியோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தவள் அவள். அதில் அவளும் இப்படித்தான் இறங்கினாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் அன்றைக்குக் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. "இது ஒரே நாள்ல கிழிஞ்சது இல்லம்மா. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. வலிச்சிருக்குமே, ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"வலிக்கல டாக்டர்."

டாக்டர் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சி முடிந்து பிரவீனா பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவினாள். ஒரு சின்ன வெள்ளைக் காகிதக் கவரை எடுத்துத் தலைகீழாக உதறினாள். காலி. அதைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு ஃபோனை வாய் அருகில் வைத்துப் பேசினாள்.

"அம்மா, சத்து மாத்திரை தீந்துபோச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு லாக்கர்ல இருந்து ஃபோன எடுத்ததும் இத்த கேளு. வரும்போது மறக்காம எடுத்துனு வா. ரெண்டு வேணும்."

அவள் போன பிறகு சுகப்பிரியா போய் அந்தக் கவரைப் பொறுக்கினாள். குப்பை பொறுக்குவது அவள் வேலை. கவரில் பேனாவால் எழுதியிருந்தது: ஞானம்மா, ஒயர் லைன், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. அம்மாவின் கம்பெனி நம்பர்.

இதே கவர் மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கும். "கம்பெனில பொம்பளைங்களுக்குக் குடுக்கறாங்கடி. சத்து மாத்திரை. எலும்புக்கு நல்லது" என்பாள் ஞானம்மா. அப்போது இடது முட்டியில் இரண்டு வாரமாக ஒரு குடைச்சல் இருந்தது. சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் போய்விட்டது. அம்மா கை ராசி என்று அவளே ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொன்னாள்.

சுகப்பிரியா டாய்லெட் வராண்டாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் கூட வரவில்லை. கவரில் இருந்த அம்மா பேரை மறுபடி படித்தாள்.

*

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் நாலு வந்து நின்றது. கேலரி காலியாக இருந்தால் டிவியில் நன்றாக இருக்காது என்று, முதல் ஷிஃப்ட் முடித்த பெண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு காகிதக் கொடி.

ஞானம்மா கேலரியின் கீழ்ப்படிக்கு வந்து கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூத்தவளைக் கூப்பிட்டாள்.

"சுகா. இங்க வா. துண்ணியா ஏதாச்சும்?"

"துண்ணேன்."

"மூஞ்சி ஏன் இப்டி கீது? சரி, இத்த கேளு. அந்த செக்யூரிட்டி என்னைக் கீழ வுட மாட்டேங்கறான். நீ உள்ள போயி வர்றவதானே. இத்த உன் தங்கச்சிகிட்ட குடுத்துடு. நீ பேசக்கூட வேணாம், பையில வெச்சுட்டு வந்தா போதும்."

ஞானம்மா நீட்டியது நேற்றே வாங்கி வைத்திருந்த, பேர் எழுதிய வெள்ளைக் கவர். உள்ளே இரண்டு மாத்திரை.

"இன்னாமா இது?"

"சத்து மாத்திரை. உனுக்குக்கூடக் குடுத்தனே."

சொல்லும்போது ஞானம்மாவின் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. மாப்பு பிடித்த கையால் சுகப்பிரியா அதை வாங்கிக்கொண்டாள்.

"முப்பிடாதி சிஸ்டருக்கு இன்னிக்கு இங்கதான்மா டூட்டி. உனக்கு முட்டி எப்படி கீதுன்னு கேட்டாங்க."

ஞானம்மா கையில் இருந்த கொடியைச் சுருட்டினாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"மெதுவா பேசுடி."

"இது வலி மாத்திரை."

"ஆமா, வலி மாத்திரைதான். இப்ப இன்னா? எட்டு மணி நேரம் நிக்கறோம் லைன்ல. எல்லாரும் இத்த போட்டுகினுதான் நிக்கறோம். ராஜலட்சுமி இருவது வருஷமா போடறா, அவளுக்கு இன்னா ஆயிப்போச்சு? வலி போனா நோவு போச்சு. அதுக்குத்தானே மாத்திரை."

"அப்ப ஏன் சத்து மாத்திரைன்னு சொன்னே?"

"உங்க கோச்சுதான் சட்டம் போட்டு வெச்சுகிறாரே, அவருக்குத் தெரியாம ஜலதோஷ மாத்திரைகூடப் போடக்கூடாதுன்னு. முட்டி வலின்னா உக்கார வெச்சுடுவாரு. நீ ரெண்டு மேட்சு வெளிய உக்காந்ததுக்கு மூணு நாள் சோறு துண்ணாம கிடந்தியே, மறந்துட்டியா? செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினு அழுவே. எனக்குத் தாங்கல. அதான் குடுத்தேன்."

சுகப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த மனுஷன் வூட்டு வாசல்ல போய் நின்னேன். என் காலை வாங்கிட்டியேன்னு தெருவே கேக்கற மாதிரி கத்துனேன். நீ பக்கத்துல நின்னுகினு இருந்தே மா."

"எனுக்குத் தெரியாதுடி."

தெரியாது என்பது உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். வலித்திருக்குமே என்று டாக்டர் கேட்ட அன்றைக்கு ஞானம்மா கதவுக்கு வெளியேதான் நின்றாள். அதற்கு மறுநாளிலிருந்து முதலுதவி அறைக்குப் போவதை நிறுத்தியும் விட்டாள். ஆனால் அதற்கப்புறம் மூன்று வருடம், கால் போனது குதித்ததால்தான், மாத்திரையால் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டாள். நம்பாவிட்டால் சின்னவளுக்கும் அதையே வாங்கிக் கொடுத்திருப்பாளா? பெற்றவள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு பாடுபடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

"இன்னிக்கு ஒரே ஒரு நாளு," ஞானம்மா தடுப்புக்கு மேல் குனிந்து மகளின் கையைப் பிடித்தாள். "இத்த நல்லா ஆடிட்டா இந்தியா கேம்ப்புக்குக் கூப்புடுவாங்களாம். நாளைக்கே டாக்டர்கிட்ட இட்டுனு போறேன். உன் காலப் புடிச்சு கேக்கறேன் சுகா, யார்கிட்டயும் சொல்லாத."

எந்தக் காலை என்று சுகப்பிரியா கேட்கவில்லை. கவரை பேன்ட் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஆட்டம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. செந்தமிழனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் போகவில்லை. மூன்று வருடமாகத் தான் திட்டிய மனிதரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரையைக் கொடுக்காமல் இருந்தாலே போதும், வலித்தால் அவளே வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். இதற்காக நீங்கள் அவளைத் திட்டினால் நான் குறுக்கே வர மாட்டேன்.

*

எதிர் டீம் வியட்நாமிலிருந்து வந்த கிளப். முதல் செட் பாலாறுக்கு. இரண்டாவது செட் அவர்களுக்கு. நீல ஓவர்கோட்டுப் பெண்கள் தொண்டை கட்டும் வரை கத்தினார்கள். லைனில் நாள் முழுக்க வாய் திறக்க முடியாதவர்கள், கத்தட்டும்.

மூன்றாவது செட்டில் பிரவீனா தடுமாற ஆரம்பித்தாள். காலையில் போட வேண்டியதைப் போடவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உதட்டைக் கடித்தாள். ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்து விழுந்தாள். எழுந்த இடத்தில் வியர்வை பளபளத்தது.

சுகப்பிரியா துண்டோடு ஓடி மண்டி போட்டாள். இடது முட்டியை மடக்க முடியாததால் அவள் எப்போதும் வலது காலில்தான் மண்டி போடுவாள். துடைக்கிற கைக்கு ஒரு சாண் தூரத்தில் தங்கையின் ஷூ.

"அம்மா குடுத்தது உங்கிட்ட கீதாமே."

எட்டு மாதத்துக்குப் பிறகு பிரவீனா அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"அம்மா மேல இருந்து கை காட்டுச்சு. டைம் அவுட்ல என் பாட்டில்கிட்ட வெச்சுடு. கால் ஒரு மாதிரி கீது."

சுகப்பிரியா நிமிரவில்லை. "அது வலி மாத்திரை பிரவீ. சத்து மாத்திரை இல்ல. எனக்கும் அம்மா அதைத்தான் குடுத்துச்சு. உன் கால் போயிடும், வெளிய வந்துடு."

பிரவீனா ஷூவை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக்கூடவாக்கா உனக்கு இப்டி தோணுது?" என்றாள். அவ்வளவு தணிந்த குரலில் அவள் சண்டை போட்டதே இல்லை.

ரெஃப்ரி விசில் அடித்தார். சுகப்பிரியா துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த பந்தைப் பிரவீனாதான் அடித்தாள். எழும்பியது அழகு, அடித்ததும் அழகு, பாயிண்ட்டும் வந்தது. இறங்கியவள் அரை நொடி அப்படியே குந்தியிருந்தாள். எல்லோரும் சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். கேலரியில் எழுந்து நின்று கை தட்டாமல் இருந்தது ஒரே ஒரு நீல ஓவர்கோட்டுதான்.

பதினாலுக்குப் பதினாறு. செந்தமிழன் டைம் அவுட் கேட்டார்.

சுகப்பிரியா நீள மாப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனாள். பாதி தூரம் இழுத்தாள். பிறகு மாப்பை அங்கேயே தரையில் கிடத்திவிட்டு பெஞ்சை நோக்கி நடந்தாள். பின்னால் ரகுபதி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"சார்."

செந்தமிழன் திரும்பினார். இந்தக் குரலை அவர் கடைசியாகக் கேட்டது தன் வீட்டு வாசலில். சுற்றி நின்ற பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"பதினொண்ணாம் நம்பர எடுத்துடுங்க சார். இடது முட்டி. நாலு மாசமா வலி மாத்திரை போட்டுகினு ஆடறா, சத்து மாத்திரைன்னு நெனச்சு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. எங்க வூட்ல குடுத்தது சார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

கவரை எடுத்து நீட்டினாள்.

அவர் கவரில் இருந்த பேரைப் படித்தார். பிறகு சுகப்பிரியாவின் முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கவரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிரவீனா, இடது கால்ல மட்டும் நில்லு" என்றார்.

"சார், இவங்க வேணும்னே..."

"நில்லு."

பிரவீனா வலது காலைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள். முடியவில்லை. மூன்றாவது தடவை அவளாகவே காலைத் தூக்கவில்லை.

அவளுக்குப் பதில் வேறொரு பெண் உள்ளே போனாள். பாலாறு மகளிர் கிளப் அந்தச் செட்டைத் தோற்றது. அடுத்த செட்டையும் தோற்றது. இதற்கு மேல் ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

*

முதலுதவி மேஜைக்குத் திரை போட்டிருந்தார்கள். முப்பிடாதி சிஸ்டர் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முட்டி இட்லிப் பானை மூடி மாதிரி வீங்கியிருந்தது. பிரவீனா சத்தமில்லாமல் அழுதாள். சுகப்பிரியா திரைக்கு ஓரமாக நின்றாள். துண்டையும் மாப்பையும் ரகுபதி வாங்கிக்கொண்டுவிட்டார்.

இப்போது யாரும் தடுக்கவில்லை. ஞானம்மா கீழே இறங்கி வந்தாள். கொடி இன்னும் கையில் இருந்தது.

"அம்மா," பிரவீனா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அது சத்து மாத்திரைதானே மா? அக்கா பொய்தானே சொல்றா?"

ஞானம்மா சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஐஸ் பையைப் பார்த்தார். அவருக்கு இப்போது எல்லாம் விளங்கியிருந்தது. நாலு மாதமாகத் தன் கையால் கவரில் போட்டுக் கொடுத்தவர் அவர்.

ஞானம்மா மூத்தவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சத்து மாத்திரைதான் கண்ணு," என்றாள்.

சுகப்பிரியாவின் பையில் கவர் இருந்தது. எடுத்து, இது என்ன மாத்திரை என்று சிஸ்டரிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே கதை முடிந்திருக்கும். கை பைக்குள் போகவும் போயிற்று. ஆனால் பிரவீனா அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஏதோ சொல்லப்போகிறார். அதைக் கேட்கிற நேரத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். சுகப்பிரியாவுக்கு அன்றைக்கு அந்தக் கை இருந்தது. அது என்ன செய்த கை என்று தெரியாததால்தான் அவளால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

அவள் கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"ஸ்கேன் மட்டும் எடுத்துருங்க சிஸ்டர்," என்றாள்.

"கோச் சார் சொல்லி வச்சிட்டாரு புள்ள. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு."

"அம்மா வரட்டும்," பிரவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "அவ வரக்கூடாது. இனிமே எங்கயும் வரக்கூடாது."

சுகப்பிரியா தலையை ஆட்டினாள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் அதை யாரும் பார்க்கவில்லை.

*

வெளியே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தன. ஆறு மணிக்குக் கிளம்பி இவர்களை ஊர் ஊராக இறக்கிவிட்டால்தான் நைட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்ற டைமுக்குப் போய்ச் சேரும். பெண்கள் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். தோற்றதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், பிறகு நாளைக்கு என்ன சாப்பாடு கட்டுவது என்று பேசினார்கள்.

ஞானம்மா மகளுக்குப் பின்னாலேயே வந்தாள்.

"சுகா, நில்லு. எம்மேல கோச்சுக்காதடி. அந்த நேரத்துல, அவ மூஞ்சியப் பாத்து... என்னால முடியல."

"தெரியும் மா."

"நாளைக்கு நானே சொல்லிடறேன். ஆஸ்பத்திரில வெச்சு, ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நீ எதுவும் பேச வேணாம்."

"நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மா."

ஞானம்மா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். லீவு சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல ஒரு வார்த்தைதான். சுகப்பிரியா அதற்காகக் காத்திருந்தாள். பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.

அவள் பையிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"இத்த நீயே வெச்சுக்க. அவகிட்ட சொல்லும்போது காட்டணும் இல்ல."

"உங்கிட்டயே இருக்கட்டுமேடி."

"எங்கிட்ட இருந்தா நான் பொய் சொல்றேன்னு சொல்லுவா."

ஞானம்மா கவரை ஓவர்கோட் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகும் அந்தப் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்து சீட் ராஜலட்சுமி ஏதோ கேட்டாள். ஞானம்மா இல்லை என்று தலையாட்டுவது வெளியிலிருந்து தெரிந்தது.

காலையில் பொறுக்கிய காலிக் கவரை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. அம்மா பேர் எழுதிய கவரில் இந்த ஒன்றுதான் சுகப்பிரியாவிடம் மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டாள்.

பஸ் வளைந்து ரோட்டில் ஏறியது. அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று சுகப்பிரியா கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு காலிலும் சமமாக நிற்க முடியாது அவளால். வலது காலில்தான் நின்றாள்.